ராக் இசைக் கலைஞர் எடி வான் ஹேலன் கிதாரின் மினியேச்சரை வாசிக்க முடியுமா?

முடியாது. மினியேச்சர் கிதார் என்பது அசல் கிதாரைப் பெரும்பாலும் நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி மரத்தில் செய்த காட்சிப் பொருள்; நீளம் ஏறக்குறைய 25 செ.மீ. கதவு திறக்கும், எஞ்சின் இருக்காது என்கிற மாடல் கார் மாதிரி.

காரணம், கம்பியின் நீளம். 25.5 அங்குலம் அதிர வேண்டிய கம்பி 6.4 அங்குலமானால், அதே இழுவிசையில் இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே போய்க் கீச்சிடும். சுருதியை இறக்கத் தளர்த்தினாலோ, தொளதொளத்து, கழுத்தில் பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் இடிக்கும். கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றவேண்டிய பிக்கப்புக்குள் காந்தமும் கிடையாது, செப்புச் சுருளும் கிடையாது. (வான் ஹேலன் தானே கோத்துச் செய்த அசல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கிதாரிலேயே கழுத்துப் பக்கப் பிக்கப் சும்மா ஒப்புக்குத்தான்!)

வாங்கும்போது சிவப்பின் மேல் ஓடும் கறுப்பு, வெள்ளைப் பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். அசலில் டேப் ஒட்டி ஸ்ப்ரே அடித்ததால் கோடுகள் வெட்டினாற்போல் இருக்கும். மினியேச்சரில் மசமசவென்று இருந்தால் மட்டமான வேலை. அசலில் உள்ளதுபோல், கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் ட்ரெமலோ ஓரத்தில் 25 சென்ட் நாணயம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். வெயில் படும் அலமாரி வேண்டாம், சாயம் வெளிறும்.

ட்யூனிங் கீ சுழல்கிறதே, சுருதி சேர்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முறுக்கினால், கம்பிகளைத் தாங்க ஒட்டிவைத்த பிரிட்ஜ்தான் பெயர்ந்து வரும்.