புழல் ஏரியில் இறங்கிய விமானங்கள்: சில கேள்விகள், என் பதில்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் போன ஞாயிறு சாயங்காலம் என்னைக் கேள்வி கேட்க உட்கார வைத்தார்கள். போர் விமானம், டேங்க் பற்றி முப்பது வருடமாகப் படித்துக்கொண்டிருப்பவன் என்பதுதான் என் தகுதி. அன்று நேரம் போதவில்லை. அதனால் பதில்களை ஒழுங்காக எழுதித் தருகிறேன்.

புழல் ஏரியில் பிளேன் இறங்கும் என்று என் தாத்தா சொல்வார். வீட்டில் யாரும் நம்ப மாட்டோம். உண்மையா சார்? (மாதவரம், ஒரு அம்மா)

உங்கள் தாத்தா சொன்னது முழு உண்மை அம்மா. 1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, அந்த ஏரியில்தான் இருந்தது. அவர்கள் ஓட்டியது கேட்டலினா. அடிப்பாகம் படகு மாதிரியே இருக்கும், இறக்கையின் அகலம் 104 அடி. தண்ணீரிலிருந்தே எழும்பும், தண்ணீரிலேயே இறங்கும். வேகம் குறைவுதான். ஆனால் இருபது மணி நேரத்துக்கும் மேல் இறங்காமல் பறக்கும். வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கு அதுதானே வேண்டும்?

பக்கத்திலேயே கடல் இருக்க ஏரிக்கு ஏன் போனார்கள் என்று கேட்கலாம். நம் கரையின் அலையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. புழலில் தண்ணீர் அமைதி, ஓடவும் இடம் உண்டு.

அந்த விமானத்தின் அருமையை அதே வருடம் ஏப்ரல் 4ஆம் தேதி உலகம் பார்த்தது. இலங்கையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாவில் இருந்த கனடா நாட்டு விமானி லியனார்ட் பர்ச்சால், கொழும்பை நோக்கி வரும் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டுபிடித்தார். செய்தி போய்ச் சேர்ந்தது. அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும் வரை அவர் கைதிதான். மறுநாள் கொழும்பிலும், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸ் காலியானது அந்த நாட்களில்தான். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையின் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றதும் அப்போதுதான். குண்டு விழுந்து அவை ஊருக்குள் வந்துவிடுமோ என்ற பயம். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துவிடும்.

சோழவரம் ரேஸ் டிராக்கும் அந்தக் காலத்து விமானத் தளமா? (செங்குன்றம்)

ஆமாம். இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட ஓடுபாதைதான். அதனால்தான் ரேஸுக்கு அவ்வளவு நீளமான நேர்ப்பாதை கிடைத்தது.

எம்டன் குண்டு போட்டது விமானத்திலிருந்தா? (ராயபுரம், ஏழாம் வகுப்பு)

இல்லை கண்ணு. எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய் டேங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. அதன் கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர்.

டேங்க் என்றால் எங்களுக்குத் தண்ணீர் டேங்க்தான். போர் வண்டிக்கு ஏன் அந்தப் பெயர்? (கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இரண்டும் ஒரே டேங்க்தான் தம்பி! 1915இல் இங்கிலாந்தில் இந்த வண்டியை ரகசியமாகத் தயாரித்தபோது, தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குக்கூட விஷயம் தெரியக்கூடாது என்று, இது தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். ரஷ்யாவுக்குப் போகிறது என்று நம்ப வைக்க ரஷ்ய எழுத்தில் 'பெட்ரோகிராட்' என்று அந்த நாட்டு நகரத்தின் பெயரையும் எழுதினார்கள். 1916 செப்டம்பர் 15, பிரான்சில் ஃபிளேர் என்ற ஊரருகே முதல்முறையாகச் சண்டையில் இறங்கியது. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சரி, தொட்டிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? குஜராத்தி, மராத்திப் பக்கம் நீர்த்தேக்கத்தைச் சொல்லும் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் கலந்து ஆங்கிலத்துக்குப் போனது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். வெள்ளைக்காரர்கள் நம் ஏரிகளையும் டேங்க் என்றுதானே எழுதினார்கள். இந்தியக் குளத்தின் பெயரைத்தான் உலகத்துப் போர் வண்டியெல்லாம் சுமக்கிறது.

மெட்ராஸ் பெயரில் பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு இருந்ததாமே? (பெரம்பூர்)

ஒன்று இல்லை, மூன்று. 79, 234, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் உண்டு. போர்ச் செலவுக்கு இங்கிருந்து போன நன்கொடைக்கு அடையாளம் அது. இதில் 264இன் கதை தனி. அவர்களுடைய டிஃபயன்ட் விமானத்தில் முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூட கிடையாது. விமானிக்குப் பின்னால் ஒரு சுழலும் கூண்டு, அதில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள், சுடுவதற்குத் தனி ஆள். பின்னால் வந்து தாக்கிய ஜெர்மானியர்கள் முதலில் ஏமாந்தார்கள். 1940 மே 29 அன்று பிரான்சின் டன்கர்க் வானில் 37 விமானங்களை வீழ்த்தியதாக ஸ்குவாட்ரன் கணக்குச் சொன்னது. உண்மையில் அதைவிட மிகவும் குறைவுதான். முன்பக்கம் வெறுமை என்று தெரிந்ததும் எதிரே வந்து அடித்தார்கள். ஆகஸ்டில் பலத்த இழப்பு. அப்புறம் டிஃபயன்ட் ராத்திரிச் சண்டைக்கு மட்டும்தான்.

ஆவடி விஜயந்தா 1965 போரில் பாட்டன் டேங்கை அடித்தது என்கிறார்கள்... (வியாசர்பாடி)

இல்லை. ஆவடியில் செய்த விஜயந்தா டேங்க் படைக்கு வந்தது 1965 கடைசியில். போர் செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊரில் பாகிஸ்தானின் பாட்டன் டேங்குகளை மடக்கியவை சென்சூரியன், ஷெர்மன் டேங்குகளும், ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கிகளும். தண்ணீர் பாய்ச்சிய கரும்பு வயலில் பாட்டன்கள் சிக்கிக்கொண்டன. ஜீப் பீரங்கியோடு நின்று உயிர் கொடுத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. ஆவடியின் பெருமைக்கு இந்தத் தவறான கதை தேவையில்லை. விஜயந்தா 1971இல் களத்தில் நின்றது.

டேங்க் தண்ணீரில் மிதக்குமா அண்ணே? (காசிமேடு, மீனவர்)

மிதக்கும். ஆனால் அலையைப் பற்றி உங்களைக் கேட்டிருந்தால் பல உயிர்கள் பிழைத்திருக்கும். 1944 ஜூன் 6 பிரான்சின் நார்மண்டிக் கரையில், ஷெர்மன் டேங்கைச் சுற்றிக் கித்தான் தடுப்பு கட்டி மிதக்க விட்டார்கள். ஓர் அடி அலையைத்தான் அது தாங்கும். அன்றைக்கு ஆறடி வரை அலை. ஓமாஹா கரையில் ஒரு படைப்பிரிவு கடலில் இறக்கிய 29 டேங்கில் 27 மூழ்கின.

1971இல் வங்காளத்தில் நம் படையிடம் இருந்த பி.டி.76 நிஜமாகவே மிதக்கிற டேங்க். ஆனால் மேக்னா ஆறு அகலம். பாதி வழியில் இன்ஜின் சூடேறிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் நாட்டுப் படகுகளைக் கொண்டுவந்து இழுத்து அக்கரை சேர்த்தார்கள்.

போர் முடிந்ததும் விமானங்களெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்குமே? (பழைய இரும்புக் கடைக்காரர், எருக்கஞ்சேரி)

பெரும்பாலும் போயின. ஆனால் கான்பூரில் நடந்தது உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். அமெரிக்கா கடனாகக் கொடுத்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் போர் முடிந்ததும் திருப்ப வேண்டும், இல்லை அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் பிரிட்டிஷார் கிளம்பும்போது கான்பூரில் நின்றவற்றைப் புல்டோசரால் இடித்தார்கள், இன்ஜினில் மண்ணைக் கொட்டினார்கள். இனி பறக்காது என்று விட்டுப் போனார்கள்.

1948இல் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குவியலில் இறங்கினார்கள். ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் வால் என்று தேடி எடுத்து ஒட்டுப்போட்டு, பெங்களூருக்குப் பறக்கவே வைத்துவிட்டார்கள். ஓட்டியவர் ஜம்ஷெட் முன்ஷி. அங்கே முழுதாகச் சரிசெய்து ஏறக்குறைய நாற்பது விமானங்கள் இந்திய விமானப்படைக்குக் கிடைத்தன. 1968 வரை பறந்தன. மற்ற நாடுகள் தங்களுடையதை எப்போதோ உருக்கிவிட்டிருந்தன. பிறகு பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு லிபரேட்டர் வேண்டியிருந்தபோது இந்தியாவிலிருந்துதான் போனது. டெல்லி பாலம் அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது. போனால் இறக்கையில் இருக்கும் இன்ஜின்களைப் பாருங்கள். பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப், 14 சிலிண்டர். புழல் ஏரியில் இறங்கிய கேட்டலினாவுக்கும் அதே ரக இன்ஜின்தான். லிபரேட்டரில் நான்கு, கேட்டலினாவில் இரண்டு.