டீனா புரூக்ஸ் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் டீனா புரூக்ஸின் ‘ட்ரூ புளூ’ ஆல்பம் கேட்டேன். ஒரு வாரமாக வீட்டில் அதுதான் ஓடுகிறது. அவர் உயிரோடு இருந்தபோது அவர் பெயரில் வந்தது இந்த ஒரு ஆல்பம்தானாமே? முதல் ஆல்பத்திலேயே சரக்கு தீர்ந்துவிட்டதோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தீரவே இல்லை. இதை யார் கேட்டாலும் எனக்கு மனசு கஷ்டமாகிவிடுகிறது. அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார், வாசித்தது வெளியே வரவில்லை.

1958 மார்ச்சிலேயே புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு கம்பெனி அவர் பெயரில் ‘மைனர் மூவ்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டது. டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி, டிரம்பெட் லீ மார்கன், பியானோ சன்னி கிளார்க். ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணியைச் சொன்னதும் முதலில் நினைவுக்கு வருகிற ஆட்கள், ஆனாலும் அது அலமாரியிலேயே கிடந்தது. ‘ட்ரூ புளூ’ பதிவானது 1960 ஜூன் 25. அதே வருஷம் ‘பேக் டு த டிராக்ஸ்’, 4052 என்று வரிசை எண் வரை கொடுத்துவிட்டு வெளியிடவில்லை. 1961 மார்ச்சில் ‘த வெயிட்டிங் கேம்’, அதுவும் வரவில்லை. நாலில் ஒன்றுதான் கடைக்குப் போனது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பமான ‘ஓப்பன் செசமி’யைக் கேட்டுவிட்டு உடனே ‘ட்ரூ புளூ’வைப் போடுங்கள். ஆறே நாள் இடைவெளியில், நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானவை. முதலாவதில் ஹப்பர்ட் தலைவர், டீனா பக்கத்தில் நிற்கிறார், ஆனால் தலைப்புப் பாட்டே டீனா எழுதியது. அடுத்ததில் இடம் மாறிக்கொள்கிறார்கள். 22 வயது ஹப்பர்ட் கதவை உதைத்துத் திறப்பது மாதிரி நுழைகிறார். டீனாவுக்கு அந்த அவசரமே கிடையாது, பாடுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில்தான் அவருடைய டெனர் சாக்ஸும் மூச்சு விடும், பிறகு விட்ட இடத்திலிருந்து நீளமாக ஒரு வரி, அதில் கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டான புளூஸின் ஈரம் அப்படியே இருக்கும். பீபாப் என்ற முந்தைய ஜாஸ் பாணியின் வேகத்தோடு புளூஸும் சர்ச் பாட்டும் கலந்ததுதான் ஹார்ட் பாப் என்பார்கள், அந்தக் கலவை இவரிடம் இவ்வளவு மென்மையாக வந்திருக்கிறது. ‘ட்ரூ புளூ’வின் ஆறு பாட்டில் ஐந்து அவரே எழுதியவை. சரக்கு தீர்ந்த ஆளா இது?

போதைப் பழக்கம் அவரை அழித்தது, 1974இல் 42 வயதில் போய்விட்டார். நாலு ஆல்பங்களையும் மொசைக் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒரே பெட்டியில் போட்டது 1985இல்தான். இப்போது எல்லாமே கேட்கக் கிடைக்கின்றன. அடுத்த வாரம் ‘பேக் டு த டிராக்ஸ்’ ஓடட்டும், அப்புறம் எழுதுங்கள்.