90% துல்லியம் போதுமா?

கேள்வி: எங்கள் கண்ணசைவுச் சோதனை, ஆட்டிசம் உள்ள குழந்தைகள், இல்லாதவர்கள் இருதரப்பையும் 90% சரியாகக் கண்டுபிடிக்கிறது. மருத்துவமனையில் பயன்படுத்தலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 1,000 குழந்தைகளில் 20 பேருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம். சோதனை 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 98 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, ‘இருக்கிறது’ என வரும் 116 பேரில் 18 பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கும் குறைவானோருக்கே, உண்மையில் ஆட்டிசம் இருக்கும். ஆய்வில் இருதரப்பையும் சரிபாதியாக எடுத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

பேச்சுத் தாமதம், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) உள்ள குழந்தைகளையும் ஒப்பீட்டில் சேருங்கள். சிக்கலே இல்லாத குழந்தைகளோடு மட்டும் ஒப்பிட்டால் எந்தச் சோதனையும் ஜொலிக்கும்! வெட்டுமதிப்பெண்ணை (‘இருக்கிறது’, ‘இல்லை’ எனப் பிரிக்கும் எல்லை மதிப்பெண்ணை) ஒரு குழுவில் முடிவுசெய்து, புதிய குழுவில் சரிபாருங்கள். இரண்டு வாரம் கழித்து அதே குழந்தைகளிடம் மீண்டும் நடத்துங்கள். தூக்கக் கலக்கத்திலோ பழக்கத்தாலோ மதிப்பெண் தாறுமாறாக மாறினால், அது ஆட்டிசத்தை நம்பகமாகக் காட்டும் அடையாளக்குறி ஆகாது.