உள்ளே பயங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் தளத்தை மூன்று வருஷமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 36. இரண்டு பிள்ளைகள், பெரியவள் நாலாம் வகுப்பு, சின்னவன் இப்போதுதான் எல்கேஜி. போன மாதம் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பயாப்சியில் கேன்சர் என்று வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன்.

எங்கள் ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் அழுததைப் பார்த்துவிட்டு, "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று வேதம் சொல்லுது. உனக்குள்ள பயம் இருக்குன்னா விசுவாசம் இல்லன்னுதானே அர்த்தம், அப்புறம் சுகம் எப்படி வரும்? விசுவாசம் இருந்தா கத்தியே படாமல் சுகமாகும்" என்றார். அன்றிலிருந்து ராத்திரி தூக்கம் இல்லை. முதலில் வியாதிக்குத்தான் பயந்தேன், இப்போது பயப்படுவதற்கே பயமாக இருக்கிறது. தேவனுடைய அன்பு மாறாதது என்று பாடுகிறோமே, அது எனக்கு ஏன் தைரியத்தைத் தரவில்லை? என்னிடம்தான் குறையா? பெயர் போட வேண்டாம்.

ஒரு தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை ஆபரேஷனுக்குப் போங்கள். யார் எந்த வசனத்தைச் சொன்னாலும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைச்சல் இல்லை. பவுல் சிறையில் இருந்து எழுதிய கடைசிக் கடிதத்தில் "லூக்காமாத்திரம் என்னோடே இருக்கிறான்" என்கிறார், அந்த லூக்கா ஒரு வைத்தியர்.

சரி, அந்த வசனத்துக்கு வருகிறேன். 1 யோவான் 4:18. அதைத் தனியாகப் பிடுங்கி எடுத்து ஆள்மேல் வீசுவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. வேதாகமத்தைத் திறந்து அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். "நியாயத்தீர்ப்புநாளிலே நமக்குத் தைரியமுண்டாயிருக்கத்தக்கதாக அன்பு நம்மிடத்தில் பூரணப்படுகிறது" என்று இருக்கும். யோவான் பேசுவது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது வருகிற பயத்தைப் பற்றி இல்லை. தேவன் என்னைத் தண்டித்துவிடுவாரோ, வேண்டாம் என்று தள்ளிவிடுவாரோ என்கிற பயம், அதைத்தான் அன்பு வெளியே துரத்துகிறது. அந்த அன்பும் யாருடையது? அடுத்த வசனத்திலேயே, "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" என்று வருகிறது. உங்கள் அன்பு பூரணமா இல்லையா என்று அளந்து பார்ப்பதற்காக அது எழுதப்படவில்லை.

இப்போது நடந்திருப்பதைப் பாருங்கள். எந்தப் பயத்தைத் துரத்த அந்த வசனம் எழுதப்பட்டதோ, அதே பயத்தை அந்த மூத்த சகோதரி அந்த வசனத்தை வைத்தே உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மனமில்லை. உங்களிடம் இருப்பது இரண்டு பயம். வியாதியோடு வந்தது ஒன்று, தேவன் என்மேல் வருத்தமாக இருக்கிறாரோ என்பது இன்னொன்று. இரண்டாவதை இன்றைக்கே இறக்கி வையுங்கள், அது உங்களுடையது இல்லை. முதலாவது ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரைக்கும் கூட வரும், வரட்டும்.

ஏனென்றால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் பயப்படாத மாதிரி நிற்கவில்லை. "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று மாற்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று மூன்று சிநேகிதர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், கூட விழித்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிதாவின் அன்பு அவருக்குக் குறைந்துபோயிருந்ததா? பவுலும் அப்படித்தான். மக்கெதோனியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்கிறார் (2 கொரிந்தியர் 7:5). உள்ளே பயங்கள். இதை எழுதியவர்தான் மரணமானாலும் ஜீவனானாலும் கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று ரோமருக்கு எழுதினார். இரண்டும் ஒரே மனுஷனுடைய வாயில் இருந்துதான் வருகிறது, நாம் ஒன்றை மட்டும் அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டுகிறோம்.

அந்த மக்கெதோனியா வசனத்துக்கு அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறுதல் எப்படி வந்தது? தரிசனமாக வரவில்லை, வானத்திலிருந்து சத்தமும் வரவில்லை. தேவன் "தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்" என்று இருக்கிறது. பவுலோடு ஊழியம் செய்த ஓர் ஆள் வந்தான், அவ்வளவுதான்.

இது எனக்குப் புரிந்தது அப்பாவுக்கு பைபாஸ் நடந்த ராத்திரி. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நான் போட்டது என் கையெழுத்து மாதிரியே இல்லை. அப்புறம் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லிப் பார்த்தேன், சின்ன வயசிலிருந்து மனப்பாடம், ஆனால் இரண்டாவது வரிக்குமேல் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா, நெற்றியில் திருநீறு, அவர் வீட்டுக்காரரும் உள்ளேதான் இருந்தார். ஃப்ளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினார். வாங்கினேன், கை நடுங்கிச் சட்டையில் சிந்திவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கைமேல் தன் கையை வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை அந்த மூடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பயம் போகவில்லை தங்கச்சி. விடியும்வரை இருந்தது. ஆனால் எழுந்து ஓடாமல் அங்கேயே உட்கார்ந்திருக்க முடிந்தது. தைரியம் என்று எனக்குத் தெரிந்தது அதுதான், அதைத் தேவன் எனக்கு அந்த அம்மா கையில் கொடுத்தனுப்பினார் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

மாறாத அன்பு என்றால் ரிப்போர்ட் நல்லபடியாக வரும் என்று அர்த்தமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அங்கேதான் நிற்கிறது. நீங்கள் சுகமாகி, பெரியவளின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் ஜெபிக்கிறேன். ஆனாலும் அந்த அன்பை ரிப்போர்ட்டோடு முடிச்சுப் போட்டு உங்களிடம் தர என்னால் முடியாது. களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்குப் போயிருக்கிறீர்களா? அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இலிருந்து அங்கே பிள்ளைகளை வளர்த்தார். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயேதான் கிடந்தார். அவரைச் சுற்றி ஜெபிக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை, விசுவாசத்துக்கும் குறைவில்லை, வலி மட்டும் போகவில்லை. அந்தப் படுக்கையிலிருந்தேதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினார்கள். தேவன் அவரைக் கைவிட்டுவிட்டார் என்று அந்தத் தொட்டியைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா?

136-ஆம் சங்கீதத்தை இந்த வாரம் சத்தமாக வாசியுங்கள். 26 வசனம், 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது". செங்கடல் பிளந்ததற்கும் அதே வரிதான், வனாந்தரத்தில் நடந்ததற்கும் அதே வரிதான், "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை" என்பதற்கும் அதேதான். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 56-இல் ஒரு வரி போதும்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன நாளில் என்று தாவீது சொல்லவில்லை.

அப்புறம், அன்றைக்கு உங்களோடு ஆஸ்பத்திரிக்கு யார் வருகிறார்கள்? வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் போதாது, அவருக்கும் ஆள் வேண்டும். சபையில் உங்களைக் கேள்வி கேட்காத ஒருத்தியைக் கூப்பிடுங்கள், வசனம் சொல்லத் தெரியாதவளாக இருந்தாலும் பரவாயில்லை, ஃப்ளாஸ்க்கோடு வருகிறவளாக இருந்தால் போதும். பெரியவளிடம் விஷயத்தை மறைக்காதீர்கள், அம்மாவுக்கும் கொஞ்சம் பயமாக இருக்கிறது, சேர்ந்து ஜெபிக்கலாம் என்று சொல்லுங்கள். அந்த மூத்த சகோதரி மறுபடி வந்தால், ஆபரேஷன் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் வாசலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடட்டும்.

வியாழக்கிழமை எத்தனை மணிக்கு உள்ளே கூட்டிப்போகிறார்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். எந்த நேரமானாலும் சரி, நானும் என் மனைவியும் விழித்திருப்போம்.

அன்புடன்,
அண்ணன்