பட்டமும் பெயரும்: வாசகர் கேள்வி பதில்

பழைய புத்தகங்களில் ‘லார்ட் லூயிஸ் மவுண்ட்பேட்டன்’ என்றும் ‘லார்ட் மவுண்ட்பேட்டன்’ என்றும் இரண்டு விதமாக இருக்கிறதே. எது சரி?
– வாசகர், மதுரை

இரண்டுமே சரி. காலம்தான் வேறு. 1917-ல் அவருடைய அப்பா ஜெர்மன் பட்டத்தை விட்டுவிட்டு மில்ஃபோர்ட் ஹேவன் மார்க்வெஸ் என்ற பிரிட்டிஷ் பட்டத்தைப் பெற்றார். டியூக், மார்க்வெஸ் வீட்டு இளைய மகன்களை மரியாதைக்காக ‘லார்ட்’ என்பார்கள். அப்போது சொந்தப் பெயரை விடவே கூடாது: லார்ட் லூயிஸ். இது வெறும் மரியாதைதான். சட்டப்படி அவர் பிரபு அல்ல, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் இடமும் இல்லை. 1946-ல் அவருக்கே வைகவுண்ட் பட்டம் வந்ததும் சொந்தப் பெயர் விலகி, லார்ட் மவுண்ட்பேட்டன் ஆனார். வைஸ்ராயாக டெல்லிக்கு வந்தது அந்தப் பட்டத்தோடுதான். 1947 கடைசியில் ஏர்ல் ஆனார்.

டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்பது பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களின் இறங்குவரிசை. டியூக்கை நேரில் ‘யுவர் கிரேஸ்’ என்பார்கள். மற்ற நான்கு படிகளுக்கும் பேச்சில் ‘லார்ட்’தான். அதனால் தமிழில் ‘பிரபு’ என்று மட்டும் எழுதினால் எந்தப் படி என்பது தெரியாமல் போய்விடுகிறது. முதல் தடவையாவது படியையும் சேர்த்து எழுதுங்கள்.

மவுண்ட்பேட்டனுக்கு மகன் இல்லையே, பட்டம் என்னவாயிற்று?
– வாசகி, திருச்சி

பெரும்பாலான பட்டங்கள் ஆண் வாரிசுக்கே போகும். ஆண் வழி அற்றுப்போனால் பட்டமும் அற்றுப்போகும். மவுண்ட்பேட்டனுக்கு இரண்டும் மகள்கள் என்பதால், பட்டம் தந்த ஆணையிலேயே மகள்களுக்கும் வழி வைத்திருந்தார்கள். 1979-ல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பாட்ரீஷியா கவுண்டஸ், அதாவது பெண் ஏர்ல், ஆனார். ஏர்லின் மனைவிக்கும் இதே பெயர்தான், ஆனால் இவர் தன் உரிமையில் கவுண்டஸ். 2017-ல் அவர் மறைந்தபின் மகன் ஏர்ல் ஆனார்.

‘சர் ராமன்’ என்று எழுதலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. ‘சர்’ முதல் பெயரோடுதான் ஒட்டும், கடைசிப் பெயரோடு தனியே நிற்காது. மனைவிக்கு நேர்மாறு: ‘லேடி ராமன்’ என்பதே முறை. நம் பெயர்களில் முதலில் நிற்பது பெரும்பாலும் அப்பா பெயர். விஞ்ஞானி சி.வி. ராமனுக்கும் ‘சந்திரசேகர’ அப்பா பெயர்தான். வெங்கட்ராமன் என்ற சொந்தப் பெயர்தான் ‘வெங்கட ராமன்’ என்று இரண்டாகப் பிரிந்தது. ஆங்கிலேயர் முறையில் ‘சர் சந்திரசேகர’ என்று சுருக்கினால் அப்பாவுக்குப் பட்டம் கொடுத்தது போலாகிவிடும். ‘சர் சி.வி. ராமன்’ என்று முழுக்க எழுதிவிடுங்கள். 1929-ல் கிடைத்த அந்தப் பட்டம் பரம்பரைப் பட்டமும் அல்ல.