ஒயரை எங்கே வைப்பது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்து ஓராண்டு ஆகிறது. வீடியோ போட்டால் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பாதி நாள் நெட்டும் கிடைப்பதில்லை. பட்டனை அழுத்த நான் எதற்கு என்று தோன்றிவிட்டது. பழையபடி சாக்பீசுக்கே போய்விடட்டுமா?
– ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: சாக்பீசை நீங்கள் விட்டிருக்கவே வேண்டாம். அதற்காகத் திரையை அணைக்கவும் வேண்டாம், டீச்சர். வீடியோவில் கேள்வியையும் அதுவே கேட்டுப் பதிலையும் அதுவே சொல்லிவிடுகிறது. பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் மனதில் நிற்பதில்லை.

ஆறாம் வகுப்பு மின்னியலையே எடுத்துக்கொள்வோம். திரையைப் போடுவதற்கு முன், குழுவுக்கு ஒரு பேட்டரி செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர் கொடுத்து, "எரிய வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். (எல்.இ.டி. வேண்டாம். ஒரு செல்லில் அது எரியாது. இழை உள்ள சின்ன பல்பாகக் கேட்டு வாங்குங்கள்.) முதலில் எல்லாரும் பல்பின் நுனியைச் செல்லின் தலையில் வைத்து அழுத்துவார்கள். "பல்பு ஃபீஸ் போயிருச்சு டீச்சர்" என்பார்கள். பத்து நிமிஷம் தவிக்கட்டும், விட்டுவிடுங்கள். யாராவது ஒருத்தி ஒயரைச் செல்லின் அடியில் வைத்து, மறுமுனையைப் பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் தொட்டுவிடுவாள்.

அப்புறம் திரைக்கு வாருங்கள். இயற்பியலுக்கு 2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' இணையதளத்தில், திரையிலேயே இயக்கிப் பார்க்கிற மின்சுற்று மாதிரி ஒன்று இருக்கிறது. காசு கிடையாது. கடைசி பெஞ்சுப் பிள்ளையைக் கூப்பிட்டு, செல், ஒயர், பல்பை விரலால் இழுத்துச் சுற்றை முடிக்கச் சொல்லுங்கள். பல்பு எரிந்ததும் கேளுங்கள்: பல்புக்குள் போகிற கரண்ட் அதிகமா, பல்பைத் தாண்டி வருகிற கரண்ட் அதிகமா? கை தூக்கச் சொல்லி, எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். சாக்பீசுக்கு வேலை இங்கேதான். பல்பு கரண்டைத் தின்றுவிடும், தாண்டி வருவது குறைவாகத்தான் இருக்கும் என்றே அநேகம் பேர் சொல்வார்கள். என் வகுப்பில் ஆண்டுதோறும் இதே கதைதான். இப்போது பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என கரண்டை அளக்கிற அம்மீட்டர் இரண்டைத் திரையில் வையுங்கள். இரண்டிலும் ஒரே எண்! அப்போது வகுப்பில் கிளம்புகிற சத்தத்துக்காகவே ஸ்மார்ட் போர்டு வாங்கலாம். பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலைத்தான், கரண்ட் குறைவதில்லை என்று அதற்குப் பிறகு நீங்கள் சொன்னால், அந்தச் சொல் போய் உட்கார அவர்களிடம் இடம் இருக்கும். வீடியோ போடுவதென்றாலும் அப்போது போடுங்கள், இரண்டு நிமிஷம் போதும்.

இன்னொன்று. பல்பே இல்லாமல் செல்லின் இரு முனைகளையும் ஒயரால் நேரே இணைத்தால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். நிஜத்தில் ஒயர் சூடேறிக் கையைச் சுடும். ஆகவே அந்தத் தப்பை மட்டும் திரையில் செய்து பார்க்கட்டும்.

நெட் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. ஃபெட் மாதிரிகளைத் தரவிறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் பிரவுசரிலேயே நெட் இல்லாமல் ஓடும். தமிழாக்கப்பட்டவையும் உண்டு. ஆங்கிலத்தில்தான் கிடைத்தால் நாலைந்து சொற்களைத் தமிழில் பலகையில் எழுதிவிடுங்கள், சரியாகிவிடும். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடு வழியே கிடைக்கும், மத்திய அரசின் 'தீக்ஷா' கல்வித் தளப் பாடங்களையும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 'மணற்கேணி' செயலியிலும் நம் பாடத்திட்டத்துக்கே எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன. எதுவானாலும் முந்தின இரவு நீங்கள் ஒருமுறை பார்த்து, எந்த நிமிஷத்தில் நிறுத்திக் கேட்பது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்துவது, யார் முகத்தில் குழப்பம் இருக்கிறது என்பதெல்லாம் எந்தத் திரைக்கும் தெரியாது. பட்டனை அழுத்த நான் எதற்கு என்று இனி கேட்காதீர்கள். தினமும் இப்படி நடத்த முடியாது, வாரம் ஒரு பாடம் போதும்.

போனில் பார்த்து வரும்படி வீட்டுப்பாடம் மட்டும் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவுதான் திரும்பும். அந்தப் பேட்டரி செல்லையும் பல்பையும் ஒயரையும் ஆளுக்கு ஒரு நாள் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். தம்பி தங்கைக்கு எரிய வைத்துக் காட்டட்டும்.