கேள்வி–பதில்: ட்ரையல்ஸ் சைக்கிள் பழக ஆசையா?

கேள்வி: ஸ்காட்லாந்து சைக்கிள் சாகச வீரர் டேனி மெக்காஸ்கில் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து, காலை ஊன்றாமல் தடைகளைத் துள்ளித் தாண்டும் ட்ரையல்ஸ் பழக ஆசை. வீட்டில் 26 அங்குலச் சக்கர எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) இருக்கிறது. அது போதுமா, தனி சைக்கிள் வாங்கணுமா?

முதல் சில மாதங்களுக்கு அது தாராளமாகப் போதும். சீட்டை அடிவரை இறக்குங்கள். கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயோடு ஓட்டவே கூடாது, விழுந்தால் குத்தும். முன்பக்கம் 22 பல், பின்பக்கம் 18 பல் கியரில் வையுங்கள். முன்னால் ஒற்றை 32 பல் சக்கரம்தான் என்றால் பின்னால் 26 அல்லது 28. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் சுமார் 1.2 சுற்று சுற்ற வேண்டும், அதுதான் கணக்கு. முன் சஸ்பென்ஷனில் லாக் இருந்தால் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் துள்ளும் வேகத்தில் பாதியை ஸ்பிரிங் விழுங்கிவிடும்.

ஒரு குறை மட்டும் தெரியும். சாதாரண ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஒரு சுற்றுக்குப் பெடல் பிடிக்கும் இடங்கள், அதாவது பிடிப்புகள், 18 இருந்தால், பெடல் 20 டிகிரி வரை சும்மா நகர்ந்த பிறகுதான் பிடிக்கும். ட்ரையல்ஸ் சைக்கிளின் ஃப்ரீவீலில் (பெடலை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பல்சக்கரம்) 72 அல்லது 108 பிடிப்புகள். 5 டிகிரிக்குள் பிடித்துவிடும். பெடல் உதையில் எகிறப் பழகும்போது இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். தனி சைக்கிள் வாங்க அதுதான் சரியான நேரம். எம்.டி.பி.யில் பழகியவருக்கு 26 அங்குலமே கைக்கு வரும். 20 அங்குல வகை எடை குறைவு, சட்டென்று திரும்பும். ஆனால் பழக நாளாகும்.

கேள்வி: பின்சக்கரத்தில் இரண்டு துள்ளலுக்கு மேல் நிற்க முடியவில்லை. முன்சக்கரம் பொத்தென்று விழுகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் கையில்தான். முழங்கையை மடக்கி ஹேண்டில்பாரை நெஞ்சுக்கு இழுத்தால் உடம்பு முன்னால் வந்துவிடும், சக்கரம் இறங்கிவிடும். கையை நீட்டியே வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இடுப்பு பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கணும். துள்ளுவது முழங்காலின் வேலை. கை பிடித்துக்கொள்ள மட்டும்.

பின்சக்கரத்தில் ஏறும் வழி இது. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) தரைக்கு இணையாக, பலமான கால் முன்னால். அந்தக் காலால் கால்வாசிச் சுற்று உதைத்துக்கொண்டே இடுப்பைப் பின்னுக்கு விடுங்கள். முன்சக்கரம் எழுந்த கணத்தில் பின் பிரேக்கை இறுக்குங்கள். முன்னால் சாய்ந்தால் பிரேக்கை ஒரு கணம் விட்டு, மறுபடி கால்வாசிச் சுற்று உதைத்து இறுக்குங்கள். சக்கரம் உங்களுக்கு அடியில் வந்துவிடும். பின்னால் சாய்ந்தால் சக்கரத்தையும் பின்னாலேயே துள்ள வைக்க வேண்டும். முடியாவிட்டால் சைக்கிளை முன்னால் விட்டுவிட்டுக் காலை ஊன்றி இறங்குங்கள். இப்படி இறங்குவதைத் தனியாக ஒரு நாள் பழகியவருக்குப் பின்னால் விழும் பயம் போய்விடும். பயம் இருக்கிறவரை இடுப்பு பின்னால் போகவே போகாது.

அசையாமல் நிற்க 30 விநாடி வராதவர், முதலில் அதைப் பழகட்டும். முன்சக்கரத்தை லேசாகத் திருப்பி, லேசான ஏற்றத்தில் நின்றால் சீக்கிரம் வரும்.

கேள்வி: பிரேக் பிடித்தும் சக்கரம் வழுக்குகிறதே?

வண்டியை நிறுத்தி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் தள்ளிப் பாருங்கள். ட்ரையல்ஸில் பிரேக் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். ஒரே விரலில் பிடிக்க வேண்டும். லிவர் பாதி தூரம் வருவதற்குள் பிடிக்க வேண்டும். டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் மாற்றித்தான் ஆகணும். ரிம்மையே பிடிக்கும் பிரேக் என்றால், கை தேர்ந்தவர்கள் அலுமினிய ரிம்மைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்குவார்கள். ரிம் மெலிந்துபோகும் என்பதால் புதியவருக்கு அது வேண்டாம்.

கேள்வி: டயரில் காற்று எவ்வளவு? வேறென்ன கவனிக்கணும்?

2.3 அங்குலம் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் என்றால் பின்னால் 20, முன்னால் 25 பி.எஸ்.ஐ.யில் (காற்றழுத்த அளவு) ஆரம்பியுங்கள். நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கும்போது ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். இல்லையென்றால் டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

செயினை அடிக்கடி அளந்து பாருங்கள். 24 கண்ணிகளின் நீளம் (பின் நடுவிலிருந்து பின் நடுவரை) புதிதில் 304.8 மி.மீ. அது 306-ஐத் தாண்டினால் மாற்றுங்கள். முழு பலத்தில் உதைக்கும்போது செயின் அறுந்தால் முழங்கால் நேராக ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரைத் தாங்கும் பாகம்) போய் இடிக்கும். ஹெல்மெட்டோடு முழங்கால், கெண்டைக்கால் காப்பும் அவசியம்; முதல் மாதக் காயம் பெரும்பாலும் பெடல் ஆணி கெண்டைக்காலில் கீறுவதுதான்.